மஞ்சள் வைத்த ஆறு சேலைகள்

நான் எடுத்த முதல் இரண்டு ஃபிலிம் சுருளும் முழுக்க முழுக்க முதுகுகள்தான்.

ஆதம்பாக்கத்தில் என் சித்தி வீட்டிலிருந்து நாலு தெரு தாண்டினால் ஏரிப் பாசன வயல். இப்போது அங்கே மனை போட்டுக் கல் நடுகிறார்கள். நான் சொல்வது நாலைந்து வருஷத்துக்கு முன்னால், நான் பி.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று உண்டு. அக்காவுக்கு வீணை. அண்ணாவுக்கு கிரிக்கெட் ஸ்கோர். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்து அல்ஜீப்ரா. எனக்கு மட்டும் எதுவும் தங்காது. பாட்டு கிளாஸ் வர்ணத்தோடு நின்றது, ஹிந்தி முதல் பரீட்சையோடு நின்றது, ஷார்ட்ஹாண்ட் அந்தக் கொக்கிகளைப் பார்த்ததுமே நின்றது. அப்புறம் மாமா தன் பழைய காமிராவை "தூசி தட்டி வெச்சுக்கோ" என்று கொடுத்தார். அது நிற்கவில்லை.

இரட்டைக் கண் காமிரா. கழுத்தில் மாட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் உலகம் தெரியும், ஆனால் இடம் வலமாக, வலம் இடமாக. இடது பக்கம் போகிற மாட்டுவண்டி கண்ணாடியில் வலது பக்கம் போகும். பழகுவதற்குள் சாந்தோம் கடற்கரையில் எத்தனையோ கட்டுமரங்களைத் தவறவிட்டேன்.

அந்தச் சமயம் நூலகத்தில் ஒரு கனமான வெளிநாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தது. பருத்தி பறிக்கிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், தேயிலை கிள்ளுகிறவர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் உழைக்கிற ஜனங்கள். இதைத்தான் நான் செய்யப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். முதலில் நெல் வயல், அப்புறம் வால்பாறைத் தேயிலைத் தோட்டம்.

"தேயிலைத் தோட்டமா?" என்றாள் அம்மா. "மொதல்ல ஒழுங்கா ஒரு டிகாக்‌ஷன் போடக் கத்துக்கோ. அப்பறம் தேயிலைக்குப் போகலாம்."

ஆக, சனிக்கிழமைகளில் சித்தி வீடு, அங்கிருந்து வயல். நடவு நடக்கிற காலம். ஆறு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டார்கள். நான் வரப்பில் நின்று பார்த்தேன். குனிந்த முதுகுகள். சரி, முகம் தெரிகிற பக்கமாகப் போவோம் என்று எதிர் வரப்புக்கு ஓடினேன். அங்கே போய் நின்று ஃபோகஸ் பண்ணினால் ஆட்கள் தூரம் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள், நட்ட நாற்றை மிதிக்காமல் இருக்க. மயிலாப்பூர்க்காரிக்கு இது எப்படித் தெரியும்? பழைய பக்கமே திரும்பி ஓடினேன். அங்கே நின்றால் ஆறு முதுகுகள் என்னை நோக்கி வந்தன. கண்ணாடியில் வேறு எல்லாம் இடம் வலம் மாறி. பட் பட்டென்று அழுத்திக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு நானே பிரிண்ட் போட்டேன். "குளிக்கற எடத்துல என்னடி இந்த நாத்தம்? ஆத்துல மனுஷா இருக்கறதா வேண்டாமா?" என்று அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். படங்கள் நன்றாக வந்திருந்தன. வெயிலும் தண்ணீரும் வளைந்த முதுகுகளும். அந்தப் புத்தகத்தில் சேர்க்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அதையெல்லாம் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். கஞ்சி குடிக்கிற நேரம். ஆறு பேரும் பம்புசெட் கொட்டகை நிழலில் உட்கார்ந்து படங்களைக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மே இது, ஒரே பின்னாடியா கீது?"

"தோ, இது நம்ம யக்கா. இடுப்புச் சொருகல பாரு, வேற யாரு இப்டிச் சொருகுவா?"

"அப்ப இது நானா? இம்மாம் பெருசாவா கீறேன்?"

"இத்தப் போய் ஊட்ல மாட்னா, இது எவ முதுகுடின்னு கேப்பாரு எங்க ஊட்டுக்காரரு."

சிரிப்பு அடங்கவில்லை. அவர்களில் மூத்தவளை நான் ஓரத்து அக்கா என்றுதான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். வரிசையில் எப்போதும் வரப்போரம் நின்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறவள் அவள். அவள்தான் எல்லாப் படத்தையும் சேர்த்து அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ நல்லாத்தான் புடிச்சிகீற பாப்பா. ஆனா மூஞ்சி இல்லியே. அடுத்த தபா நாங்க நிமிந்து நிக்கறப்பப் புடி."

"நிமிர்ந்து நின்னா வேலை செய்யற மாதிரி இருக்காதே அக்கா."

"வேலதான் தெனோம் செய்யறமே. அத்த வேற குந்திகினு பாக்கணுமா?"

எனக்கு அவள் சொன்னது பிடிக்கவில்லை. சேற்றில் குனிந்து நிற்கிற படம்தான் உண்மையான படம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இப்போதும் பாதி உறுதியாகத்தான் இருக்கிறேன்.

*

அந்தப் படங்களைக் கல்லூரியில் காட்டிக்கொண்டு திரிந்தபோது என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்த் தன் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அவருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. தெற்குச் சீமையிலிருந்து வந்து, சின்னதாக ஆரம்பித்து, இப்போது தெருமுனை வரைக்கும் நீண்டுவிட்ட கடை. ஒரு நாள் சாயங்காலம் வரச் சொன்னார்.

ஆவணி மாசம். கல்யாணக் கூட்டம். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. முதலாளி கல்லாவில் இருந்து எழுந்து வரும்வரை நான் முகூர்த்தச் சேலைப் பகுதி ஓரமாக ஒதுங்கி நின்றேன். அங்கே விற்றுக்கொண்டிருந்தவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும். ஒல்லி. சந்தனக் கலர் சட்டை. பெண் வீட்டார் பதினெட்டுச் சேலையைப் பிரித்துப்போட்டுப் பத்தொன்பதாவதைக் கேட்டாலும் முகம் மாறாமல் விரித்தார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து பில் போட்டார்கள். உடனே அவர் பக்கத்திலிருந்த சின்னப் பித்தளைச் சிமிழைத் திறந்து, மோதிர விரலால் குழைத்த மஞ்சளைத் தொட்டு, சேலையின் முனையில் ஒரு பொட்டு வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கடையில் அது வழக்கம். மஞ்சள் வைத்தால் விற்றாயிற்று. அப்புறம் கலர் பிடிக்கவில்லை, கரை சின்னது என்று யார் கொண்டுவந்தாலும் திருப்பி எடுப்பதில்லை. மஞ்சள் பட்ட சேலையை இன்னொரு வீட்டுக்கு விற்பது பாவம் என்று முதலாளியே கல்லாவிலிருந்து சொல்லுவாராம். இது என் தோழி சொன்னது.

முதலாளி வந்தார். "படம் நல்லாப் புடிக்கியளாமே, மக சொன்னா. வரப்போற வருசத்துக்கு நம்ம கடைக் காலண்டர்ல சாமி படம் வேண்டாம்னு நெனைக்கேன். எல்லாக் கடையிலயும் அதான். வயக்காடு, நடவு, பொம்பளையாளுக. ஆனா எல்லாரும் நம்ம கடைச் சேலை கட்டியிருக்கணும். கலர்ல வேணும்."

கலர்! நான் அதுவரை கலர் ஃபிலிமைக் கையால் தொட்டதில்லை. பர்மா பஜாரிலிருந்து ஒரு சுருள் அவரே வரவழைத்து வைத்திருந்தார். பன்னிரண்டு படம். அதற்கு மேல் கேட்காதே என்பது போல மேஜையில் வைத்தார்.

"சேலை ஆறு தாரேன். சுங்குடி. ஆறும் அப்படியே திரும்பி வரணும். சேறு பட்டா யாரும் வாங்க மாட்டாவ."

"நடவு வயல்ல சேறு படாம எப்படி சார்?"

"அத நம்ம ஆளு பாத்துக்கிடுவாரு." திரும்பி, சிமிழ்க்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்ன வே, நீரும் கூடப் போயிட்டு வாரும். தீவாளி யாவாரத்துக்கு மாடி தொறக்கப் போறோம். பட்டு செக்‌ஷன்ல நிக்கப் போறவர், ஆறு நூல் சேலையப் பத்தரமாக் கொண்டாந்துர மாட்டீரா?"

கடையில் இருந்த மற்ற விற்பனைக்காரர்கள் எல்லோரும் ஒரு விநாடி கையை நிறுத்தினார்கள். மாடியில் அப்போதுதான் மர வேலை நடந்துகொண்டிருந்தது. வார்னிஷ் வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. யார் மேலே போகப் போகிறார் என்று முதலாளி அதுவரை வாய் திறந்து சொன்னதே இல்லையாம்.

*

மாம்பலத்தில் ரயில் ஏறினோம். சிமிழ்க்காரர் வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தோளில் ஒரு ரெக்ஸின் பை; கடையை விட்டுக் கிளம்பினால் சிமிழையும் அதில் போட்டுக்கொள்வது அவர் வழக்கமாம். கிண்டியில் கூட்டம் ஏறியதும் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்கக் கூடாது. நான் ஊர்ல இருந்து வந்ததுல இருந்து கீழதான் நிக்கேன். மேல ஃபேன் போடுதாவ. மெத்தை போட்டு, வாடிக்கைக்காரவங்க உக்காந்து பாக்க மாதிரி. எங்க வீட்டுல கிட்டத்தட்ட ஊருக்கே சொல்லிப்புட்டா, இவரு மாடிக்குப் போறார்னு. இன்னைக்கு ஆறு சேலையில ஒரு சொட்டுச் சேறு பட்டாலும் அம்புட்டுதான். நீங்க உங்க படத்தைப் பாருங்க, நான் சேலையைப் பாத்துக்கிடுதேன். சண்டை போட்டுக்கிடாம முடிச்சிருவோம்."

"நான் எதுக்கு சண்டை போடப் போறேன்?"

"நீங்க சேத்துல எறங்கச் சொல்லுவீங்க. அண்ணாச்சி மக சொல்லிச்சு."

அதைத்தான் நான் மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கஞ்சி நேரம் முடிகிற சமயம். நான் விஷயத்தைச் சொன்னேன். கடைச் சேலை, கலர் படம், காலண்டர், ஆளுக்கு ஒரு ரவிக்கைத் துணி கடையிலிருந்து. மூஞ்சி தெரியும்படி ஆளுக்கொரு படம் என்னிடமிருந்து.

"அப்ப பொடவை?" என்று கேட்டாள் ஓரத்து அக்கா.

"பொடவை கடைக்குத் திரும்பப் போகணும் அக்கா."

"எரவலா?" என்று கூவினாள் அவர்களில் இளையவள். "கண்ணாலம் கட்டறப்பதான் எரவல் நகை, இப்ப எரவல் பொடவை வேறயா?"

"சும்மா கெட. கலர்ல மூஞ்சி வருதுல்ல." ஓரத்து அக்கா எழுந்து சேலையை உதறினாள். "கால் கழுவிகினு வாங்கடி. அந்த நைனா பயந்துகினு கீறாரு பாரு, நம்பள பாத்து."

அவர் பயந்துதான் இருந்தார். கொட்டகை வாசலில் சாக்கை விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணியை விரித்து, மூட்டையை அவிழ்த்தார். ஊதா, கிளிப்பச்சை, அரக்கு, கத்திரிக்காய்க் கலர், மஞ்சள், ஆரஞ்சு. வயலுக்கு நடுவில் அந்த ஆறு சேலைகளும் கடையில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு பளிச்சென்று இருந்தன. எனக்கே கை பரபரத்தது. நான் நாலைந்து அடி தள்ளி நின்று, வெளிச்சம் அளந்து, காமிரா மூடியைத் திறந்து குனிந்துகொண்டேன்.

பெண்கள் வாய்க்காலில் கையும் காலும் கழுவிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஈரக் கையைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்கள். கடையில் அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா நீட்டினாளே, அதே மாதிரி. புதுச் சேலையை வேறு எப்படி வாங்குவது?

கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிமிழ்க்காரர் பையைத் துழாவினார். விரலால் எதையோ தொட்டார். சேலை முனையில் வைத்தார். ஏந்திக் கொடுத்தார். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியுமல்லவா, இடது கையால் வைப்பது போலத் தெரிந்தது. இதென்ன, புதுத் துணிக்கு இடது கையால் மஞ்சள் வைக்கிறாரே என்று ஒரு கணம் நினைத்தேன். ஏன் மஞ்சள் வைக்கிறார் என்று தோன்றவே இல்லை. படம் அழகாக இருந்தது. ஒன்று எடுத்தேன்.

ஆறாவதாக ஓரத்து அக்கா. அவள் அரக்குச் சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிமிழ்க்காரர் சிமிழை மூடினார். மூடிய சத்தம் டக்கென்று கேட்டது. அவர் அந்தச் சிமிழைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, நான் என்ன செஞ்சிட்டேன்?"

நான் தலையை நிமிர்த்தினேன். ஆறு பேர் கையிலும் ஆறு சேலை. ஆறு முனையிலும் ஈரமான மஞ்சள் பொட்டு.

"சேறு படக் கூடாதுன்னே நெனைச்சுக்கிட்டு இருந்தேன். கை தானாப் போயிட்டு தங்கச்சி. கையை நீட்டுனாவ, வச்சிட்டேன்."

பெண்களுக்கு முதலில் புரியவில்லை. கடை வழக்கத்தை நான் சொன்னேன். மஞ்சள் வைத்தால் விற்றமாதிரி, முதலாளி இனி இதை விற்க மாட்டார், இவருக்கு மாடியில் வேலை கிடைக்கப் போகிறது, அது இதனால் போய்விடும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சிரிப்பு நின்றது. சேலைகளை யாரும் கீழே வைக்கவுமில்லை, பிரிக்கவுமில்லை. சூடான சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சோப்பு போட்டுக் கசக்கினா?" என்றாள் ஒருத்தி.

"ஐயையோ!" அவர் பாதி எழுந்துவிட்டார். "சோப்புப் பட்டா மஞ்சள் செவந்துரும். அப்புறம் ரத்தக் கறை மாதிரி நிக்கும்."

"என்துல தெரியவே இல்ல," என்று மஞ்சள் சேலைக்காரி முனையைத் தூக்கிக் காட்டினாள். "மஞ்சளோட மஞ்சளாப் பூட்ச்சி." யாரும் சிரிக்கவில்லை.

ஓரத்து அக்கா யோசித்துப் பேசினாள். "தோ பாரு நைனா. தண்ணில அலசிட்டு வெயில்ல போடு. மஞ்ச வெயிலுக்கு நிக்காது. சாயங்காலத்துக்குள்ள பூடும். நாங்க கட்டிக்கல, தோ மடிப்பு கலையல. அப்படியே எடுத்துகினு போ. உங்க மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாது."

அது நடக்கக் கூடிய யோசனைதான். வெயில் நன்றாகவே அடித்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சேலைகளைப் பார்த்தார். ஊதாச் சேலையை வைத்திருந்தவள் அதை இன்னும் மார்போடு அணைத்துக்கொண்டுதான் இருந்தாள். அணைத்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை போல.

அவர் சிமிழைப் பைக்குள் போட்டார்.

"மஞ்சள் வச்சுக் கொடுத்ததத் திருப்பி வாங்கி, வெயில்ல காயப் போட்டு, இன்னொரு வீட்டுப் புள்ளைக்கு நானே விரிச்சுக் காட்டணுமா? நம்மால ஆகாது தாயி." எழுந்து சாக்கை உதறி மடிக்க ஆரம்பித்தார். "கட்டிக்கிடுங்க. உங்களுக்குத்தான். அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"நெசமாவா நைனா?"

"கட்டிக்கிடுங்கன்னா."

கொட்டகைக்குள் ஒரே கலகலப்பு. எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. சேலை இனி கடைக்குப் போகப் போவதில்லை. அப்படியென்றால் சேற்றுக்கு என்ன பயம்? அவரும் அதையே நினைத்தவர் போல, "இனிமே உங்க இஷ்டம் தங்கச்சி, சேத்துல எறக்குங்க, எங்க வேணா எறக்குங்க" என்று கையை வீசினார். ஆறு நிறமும் தண்ணீரில் விழுந்து, ஆறு பேரும் குனிந்து நடுகிற கலர்ப் படம் எனக்குக் கண் முன்னால் தெரிந்தது.

பெண்கள் வெளியே வந்தார்கள். நான் வயலைக் காட்டினேன்.

"எறங்குங்க அக்கா. ஒரே நிமிஷம். நாத்துக்கட்டு ஒண்ணைக் கையில எடுத்துண்டு."

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னா பாப்பா, புத்தி கித்தி பெசகிப் பூட்ச்சா? புதுப் பொடவைய எவளாச்சும் சேத்துல எறக்குவாளா?"

"நீ கட்டிகினு எறங்கு. நாங்க புடிக்கிறோம் உன்ன."

"இது பொங்கலுக்கு வெச்சிருக்கறது."

"என்து என் தங்கச்சி கண்ணாலத்துக்கு."

இரவல் என்று இருந்தவரை சேற்றைப் பற்றிக் கவலைப்பட்டது ஒரே ஆள். இப்போது ஆறு பேர் கொசுவத்தைக் கணுக்கால் தெரியத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் ஈரம் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்கள். சிமிழ்க்காரர் ஓடி ஓடி, கட்டி வைத்த நாற்று முடியை உதறித் தண்ணீர் வடியவிட்டுக் கையில் கொடுத்தார். சொட்டுகிற நாற்றுக்குக் கீழே தன் துண்டைப் பிடித்தார். யாருடைய சேலை என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

வரப்பில் ஆறு பேரும் நிமிர்ந்து வரிசையாக நின்றார்கள். கையில் நாற்று. முகத்தில் வெயில். இளையவள் ஏதோ சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் அழுத்தினேன். சுருள் முடிகிறவரை அழுத்தினேன். அப்புறம் அவர்கள் கொட்டகைக்குள் போய்ப் பழைய சேலைக்கு மாறி, புதிதை மடித்து மேலே கழியில் தொங்கவிட்டுவிட்டு, சேற்றில் இறங்கிக் குனிந்துகொண்டார்கள்.

*

சாயங்காலம் நானும் அவரும் கடைக்குத் திரும்பினோம். மூட்டை கட்டிய வெள்ளைத் துணி மட்டும் அவர் கையில் மடித்து இருந்தது. முதலாளி அதைப் பார்த்தார்.

"மஞ்சள் வச்சுட்டேன் அண்ணாச்சி. மறந்து போயி வச்சுட்டேன். கொடுத்துட்டு வந்துட்டேன்."

என்மேல் தப்பு இருக்கிறது என்று நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. "ம்" என்றார். கல்லாவுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் தேவலை. கலர் ஃபிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வர வாரக்கணக்கில் ஆகும். மாடிக்கு யார் என்று அதுவரை முதலாளி ஒரு வார்த்தை விடவில்லை. நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தி.நகர் போவேன். சிமிழ்க்காரர் தன் இடத்தில்தான் நின்றார். சேலை விரித்தார். மஞ்சள் வைத்தார். மாடிப் படிக்கட்டுப் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை. மேலே மெத்தைகள் ஏறின. கண்ணாடி ஏறியது. ஃபேன் ஏறியபோது என்னிடம், "மூணு இறக்கை, நல்ல காத்து வருமாம்" என்று மட்டும் சொன்னார்.

படங்கள் வந்த அன்று தோழி சொல்லி அனுப்பினாள். முதலாளி ஒவ்வொரு சதுர ஸ்லைடையும் டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பில் ஆறு பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைத் தனியாக எடுத்து வைத்தார். "இதான். சேலை தெரியுது, முகம் தெரியுது, சிரிக்காவ." என்னிடம் கேட்டார். "வயல்ல எறங்கலியா?"

"மாட்டேன்னுட்டாங்க சார். புதுச் சேலை சேறாயிடும்னு."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சரி. நல்ல சேலைன்னு தெரிஞ்சுதானே எறங்கல."

அப்புறம் அந்த முதல் படம் கைக்கு வந்தது. கொட்டகை வாசல். நீட்டிய இரண்டு கைகள். கிளிப்பச்சைச் சேலை. குனிந்து மஞ்சள் வைக்கிற சிமிழ்க்காரர். முகத்தில் எந்த யோசனையும் இல்லை, தூங்குகிற குழந்தைக்குத் துணி போர்த்துகிறவர்கள் முகம் இருக்குமே, அப்படி. படத்தில் வலது கைதான். முதலாளி அதை ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சிமிழ்க்காரரைக் கூப்பிட்டார். கடையில் எல்லோரும் சேலையை விரிப்பது போல விரித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அவுகளுக்கு மஞ்சள் வச்சீரே. பில் போட்டாத்தானே வைக்கணும்?" என்றார் முதலாளி.

"ஆமா அண்ணாச்சி."

"உம்ம கை கேக்க மாட்டேங்குது."

"ஆமா அண்ணாச்சி."

"பட்டுச் சேலையில இப்பிடி ஒண்ணு வச்சீர்னா நான் கடைய மூடிட்டு ஊருக்குத்தான் போகணும்." முதலாளி படத்தைக் கீழே வைத்தார். "தீவாளி யாவாரத்துல இருந்து மேல போய் நில்லும். சிமிழைக் கீழயே வச்சுட்டுப் போம்."

சிமிழ்க்காரர் போய், யாரோ பிரித்துப் போட்டுவிட்டுப் போன சேலைகளை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மாவை அந்தக் கடைக்கே இழுத்துக்கொண்டு போனேன். "பட்டு வாங்கற மூஞ்சியா நாம? எதுக்குடி மாடிக்கு?" என்று முனகிக்கொண்டே ஏறினாள். மேலே ஃபேன் சுற்றியது. சிமிழ்க்காரர் மெத்தையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து பட்டு விரித்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் கூறைப்புடவை எடுத்தது. பில் வந்தது. அவர் விரல் பக்கவாட்டில், காற்றில், சிமிழ் இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிற்று. நின்றது. புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். "வாங்கம்மா" என்று அந்தக் குடும்பத்தையே பின்னால் வரச் சொல்லி, படியிறங்கி, பழைய இடத்துக்குப் போய், அங்கே இருந்த சிமிழில் தொட்டு மஞ்சள் வைத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏறி வந்தார். நாங்கள் இருந்த நேரத்துக்குள்ளேயே இப்படி இன்னொரு தரம் இறங்கி ஏறினார். கைப்பிடியில் குனிந்து எட்டிப் பார்த்தேன். கல்லாவிலிருந்து முதலாளியும் பார்த்தார். பணத்தை எண்ணத் திரும்பினார்.

தை மாசம் ஆதம்பாக்கம் வயலில் அறுவடை. காலண்டரை ஆறு பிரதி சுருட்டிக்கொண்டு போனேன். அறுவடையில் முன்னால் நகர்வார்கள் என்பது இந்தத் தடவை எனக்குத் தெரியும். அறுக்காத கதிர்ப் பக்கம் வரப்பில் போய் நின்றுகொண்டேன். ஆறு பேரும் அறுத்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார்கள். கதிர்களுக்கு மேலே முகங்கள். கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று முழுக்க எடுத்தேன்.

அவர்கள் வரப்புக்கு வந்து காலண்டரை விரித்தார்கள். தேதியை யாரும் பார்க்கவில்லை. அவரவர் முகத்தை விரல் வைத்துத் தேடினார்கள். இளையவளுக்குத் தன் பல் தெரிவதில் கொஞ்சம் வருத்தம். மஞ்சள் சேலைக்காரி, "பாத்தியா, என்துல தெரியல" என்றாள்.

ஓரத்து அக்கா காலண்டரைப் பத்திரமாகச் சுருட்டிக் கொட்டகைக் கழியில் செருகினாள். வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அந்த நைனாவுக்கு மாடி கெடைச்சிதா?"

கிடைத்தது என்றேன். சிமிழ் கீழே இருப்பதையும், ஒவ்வொரு கல்யாணப் புடவைக்கும் அவர் படியிறங்கி ஏறுவதையும் சொன்னேன்.

அவள் அரிவாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். வயலில் இறங்கினாள்.

"தை பொறந்துட்ச்சி, இனிமே தெனோம் கண்ணாலந்தான்," என்றாள். "எறங்கி எறங்கி அந்த நைனாவுக்குக் காலு வீங்கிப் பூடும், பாத்துகினே இரு."